கிரைய ஒப்பந்தத்தில் பழைய தேதி போடச் சொல்கிறார்கள், போடலாமா?

செம்மண்காடு எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் 12 சென்ட் மனை வாங்கப் பேசி முடித்திருக்கிறோம். பத்திரம் பெரியவர் பேரில் இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள் அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும். ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்வதால் இங்கே கேட்கிறேன்.

ஜனவரி 10-ஆம் தேதி டோக்கன் அட்வான்ஸ் 2 லட்சம் ரூபாயைப் பெரிய மகனின் வங்கிக் கணக்கில் போட்டோம். அன்றைக்கு எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. இப்போது மார்ச்சில் எழுதுகிறோம். பணம் வாங்கிய தேதியையே ஒப்பந்தத்துக்கும் போட்டுவிடலாம் என்கிறார் தரகர். முத்திரைத்தாள் போன ஜூலையில் வேறொரு காரியத்துக்காக என் பேரில் வாங்கி வைத்தது. அது இப்போது செல்லுமா?

அந்த அம்மாவுக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான். சின்ன மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். கடைசிப் பக்கத்தை மட்டும் மெயிலில் அனுப்புங்கள், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். பாக்கிப் பணத்துக்குக் கெடு இன்னும் முடிவாகவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்றும் பேச்சு. நோட்டரி முத்திரை போதும், பதிவு வேண்டாம் என்பதும் தரகர் சொன்னதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரார்நாமா எழுதியது:

முதலில் தேதி. கையெழுத்து விழுகிற நாள் எதுவோ அதுதான் ஒப்பந்தத்தின் தேதி. ஜனவரி 10 என்று போடவே போடாதீர்கள்.

ஜனவரியில் பணம் கொடுத்தது உண்மை. அந்த உண்மையை உடலில் ஒரு பத்தியாக எழுதினால் போதும். "மேற்படி சொத்தின் கிரையத் தொகையில் முன்பணமாக ரூ. 2,00,000 (ரூபாய் இரண்டு லட்சம் மட்டும்) கடந்த 10.01 தேதியில் இன்ன வங்கிக் கணக்கில், இன்ன பரிவர்த்தனை எண்ணில் செலுத்தப்பட்டதை எழுதிக் கொடுப்பவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள்" என்று வர வேண்டும். இதில் "அனைவரும்" என்ற சொல் முக்கியம். பணம் போனது பெரிய மகன் கணக்குக்கு மட்டும். அம்மாவும் சின்ன மகனும் நாளைக்கு "எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை" என்று சொல்ல வழி வைக்கக் கூடாது. எங்கள் எல்லோருக்காகவும் பெரிய மகன் பெற்றுக்கொண்டார் என்று அவர்கள் வாயாலேயே எழுத்தில் வர வேண்டும். வருடத்தையும் சேர்த்து முழுத் தேதியாக எழுதுங்கள்.

முன்தேதி போட்டால் என்ன கெடும்? பதிவுச் சட்டம் 23-ஆம் பிரிவுப்படி எழுதிக் கொடுத்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் ஆவணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜனவரி 10 என்று போட்டால் அதில் இரண்டு மாதத்தை நீங்களே தின்றுவிட்டீர்கள். அதைத் தாண்டினால் 25-ஆம் பிரிவில் இன்னொரு 4 மாதம் உண்டு. ஆனால் தவிர்க்க முடியாத காரணம் காட்ட வேண்டும், பதிவுக் கட்டணத்தைப் போல் 10 மடங்கு வரை அபராதமும் வரலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து நீதிமன்றத்தில். ஜனவரி 10 அன்று சாட்சி வேறு ஊரில் இருந்தார் என்பது ஒரு பேருந்து டிக்கெட்டிலோ அலுவலக வருகைப் பதிவிலோ தெரிந்துவிட்டால், அந்த ஒரு பொய்யை வைத்து ஆவணம் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார்கள். மூன்றாம் ஆளை ஏமாற்றும் நோக்கத்தோடு முன்தேதி போட்டால் அது ஆவண மோசடிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 464-ஆம் பிரிவில் இதற்கு உதாரணமே கொடுத்திருந்தார்கள்: ஒருவருக்கு நிலத்தை விற்றுவிட்டு, பிறகு ஆறு மாதம் முந்தைய தேதி போட்டு அதே நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பவன், தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தாலும் குற்றவாளிதான்.

வாடகை, வேலை ஒப்பந்தம் போன்றவற்றில் பின்னோக்கிய நாளிலிருந்து நடைமுறை வேண்டுமென்றால், இன்றைய தேதியில் எழுதி "இது இன்ன தேதி முதல் நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்படும்" என்று ஒரு சரத்து சேர்ப்பதே முறை.

மேலமாசி_வீதி எழுதியது:

முத்திரைத்தாளுக்கு 6 மாதம்தான் ஆயுள். ஜூலைத் தாள் மார்ச்சில் காலாவதி. புதிதாக வாங்குங்கள்.

தெற்குவாசல்_வக்கீல் எழுதியது:

மேலமாசி_வீதி சார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது சரியில்லை. முத்திரைச் சட்டம் 54-ஆம் பிரிவு சொல்லும் 6 மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. எழுதுவதற்குக் கெடு கிடையாது. திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டு வழக்குதான் அது. 1980 ஜனவரி தேதியிட்ட கிரைய ஒப்பந்தம் இரண்டு தாளில் எழுதப்பட்டிருந்தது. ஒரு தாள் 1973-லும் இன்னொன்று 1978-லும் வாங்கியது. தாள் பழசு என்பதாலேயே ஆவணம் செல்லாமல் போகாது என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: பழைய தாளும் வெவ்வேறு தேதித் தாளும், ஆவணம் பிறகு ஜோடிக்கப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு ஒரு சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளப்படலாம். கடைசியில் அந்த வழக்கில் ஒப்பந்தத்தை நம்பி வழக்குப் போட்டவர் தோற்றார், ஏனென்றால் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அம்மா அதை மறுத்தார், அவருடைய கைநாட்டு நிரூபணமாகவில்லை. கேள்வி கேட்டவருக்கும் கைநாட்டு, பழைய தாள் இரண்டும் சேர்ந்து வருகின்றன. அதனால் சட்டப்படி செல்லும் என்றாலும் என் யோசனை: புதுத்தாள் வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு, இந்தக் கேள்வி ஒருநாள் நீதிமன்றத்தில் எழுந்தால் ஆகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஜூலைத் தாளை வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தாளைப் பற்றிக் கவனிக்க வேண்டியது அதன் வயதைவிட வேறு விஷயங்கள். முத்திரைச் சட்டம் 17-ஆம் பிரிவுப்படி கையெழுத்துக்கு முன்போ அதே நேரத்திலோ முத்திரை இருக்க வேண்டும். கையெழுத்துத் தேதி மார்ச் 5, தாள் விற்ற தேதி மார்ச் 9 என்று இருந்தால் விஷயம் அங்கேயே அம்பலம். தாள் உங்கள் பேரிலோ விற்பவர் பேரிலோ வாங்கப்பட வேண்டும். தரகர் பேரில் வேண்டாம். ஒப்பந்தத்தின் வாசகம் முத்திரைத்தாளிலேயே தொடங்கி அதில் ஓட வேண்டும். தலைப்பை மட்டும் அதில் அச்சடித்துவிட்டு மிச்சத்தை எல்லாம் வெள்ளைத்தாளில் கொண்டுபோவது 13-ஆம் பிரிவின் நோக்கத்துக்கே விரோதம், அந்தத் தாளை உருவி இன்னொரு ஆவணத்துக்குப் போட வழி கிடைத்துவிடும். முத்திரை குறைந்தால் 35-ஆம் பிரிவுப்படி குறைவையும், அதைப் போல் 10 மடங்கு அபராதத்தையும் கட்டாமல் அது சாட்சியமாக ஏறாது.

அடுத்து பதிவு. தரகர் சொல்வது தவறு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் 100 ரூபாய் மற்றும் அதற்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தம் கட்டாயம் பதிவாக வேண்டும், பதிவுச் சட்டம் 17(1)(ஜி). பதிவாகாத ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் (ஒப்பந்தப்படி விற்றுக் கொடுக்கச் சொல்லிப் போடும் வழக்கு) சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023 ஏப்ரலில் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. 49-ஆம் பிரிவின் வரம்புரை (விதிவிலக்கு) அதற்கு இடம் தருகிறது. அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவானால்தான் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே மனையை வாங்க வரும் அடுத்த ஆள் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர் நிற்க வேண்டும். மனை உங்கள் கைவசம் வந்திருந்தாலும் சொத்து மாற்றச் சட்டம் 53ஏ தரும் பாதுகாப்பு பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். நோட்டரி முத்திரை இதில் எதற்கும் ஈடாகாது.

ஒன்று கேட்கிறேன்: பெரியவருக்குப் பெண் பிள்ளைகள் உண்டா?

கரார்நாமா எழுதியது:

கைநாட்டு விஷயத்தில் வக்கீல் சொன்ன எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், அதிகம் கோளாறு நடப்பது இங்கேதான்.

இடது கைப் பெருவிரல். எண்ணெய், ஈரம் இல்லாமல் துணியால் துடைத்துவிட்டு, மையை விரலில் மெல்லிய பூச்சாக எடுக்க வேண்டும். மை பேடில் அழுத்தி எடுத்து அப்படியே தாளில் குத்தினால் கறுப்புத் திட்டு விழும், ரேகை விழாது. அப்படி விழுந்த கைநாட்டை எந்த நிபுணராலும் ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒருமுறை உருட்டி எடுங்கள். கலங்கிவிட்டால் அதன் மேலேயே இன்னொன்று வைக்காமல் பக்கத்தில் தனியாக எடுங்கள். வேலை செய்து ரேகை தேய்ந்த வயதானவர்களுக்கு இரண்டு மூன்று தெளிவான பதிவுகள் இருப்பது நல்லது.

ஒவ்வொரு ரேகைக்கும் பக்கத்தில் "இது இன்னாருடைய மனைவி இன்னார் இடது கைப் பெருவிரல் ரேகை" என்று ஆவணம் எழுதியவர் எழுதித் தன் கையெழுத்தைப் போட வேண்டும். கடைசியில் "இந்த ஆவணம் அவருக்குத் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டு, அவர் புரிந்துகொண்டு, சம்மதித்து ரேகை வைத்தார்" என்ற வாசகம் வர வேண்டும். உண்மையிலேயே வாசித்தும் காட்டுங்கள், சாட்சிகள் இருவரும் அந்த நேரத்தில் கூடவே இருக்கட்டும். பின்னால் அந்த அம்மா "எதுவென்று தெரியாமல் வைத்தேன்" என்றால் உங்களுக்காகப் பேசப் போகிறவர்கள் அவர்கள்தான். முடிந்தால் சாட்சிகளில் ஒருவர் அம்மாவின் சொந்தத்தில் விஷயம் தெரிந்தவராக இருக்கட்டும்.

சாட்சி என்றதும்: விற்பனை ஒப்பந்தத்துக்கு இரண்டு சாட்சி என்பது சட்டக் கட்டாயம் அல்ல. தானம், அடமானம், உயில் இவற்றுக்குக் கட்டாயம். ஆனாலும் இரண்டு பேர் இல்லாமல் எழுதாதீர்கள். எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தை வைத்த பிறகு, அவர் கண் முன்னால் சாட்சி போட வேண்டும். காலையிலேயே சாட்சிக் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் விற்பவரிடம் போவது வழக்கமாகிவிட்டது, அது சாட்சியே ஆகாது. சாட்சியின் தகப்பனார் பெயர், கதவு எண்ணோடு முகவரி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும், வழக்கு வரும் காலத்தில் ஆளைத் தேட வேண்டியிருக்கும். வாங்குபவரோ விற்பவரோ தங்கள் ஆவணத்துக்குத் தாங்களே சாட்சியாக முடியாது. சார்பதிவாளர் முன் ஆள் அடையாளம் காட்டுபவர்கள் செய்வது வேறு வேலை. அதே இருவரே வந்தாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

காலி இடம் விடவே விடாதீர்கள். கெடு முடிவாகவில்லை என்றால் ஒப்பந்தமே இன்னும் முடிவாகவில்லை என்று வைத்துக்கொண்டு பேசி முடியுங்கள். "3 மாதத்துக்குள்" என்றுகூட வேண்டாம், நாள்காட்டித் தேதியாக எழுதுங்கள். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதமா, பதிவான தேதியிலிருந்தா என்று சண்டை வரும். காலாவதிச் சட்டத்தில் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்குக்கான 3 வருடம் அந்தக் கெடுத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும். தேதியே குறிக்காவிட்டால், எதிராளி மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து ஓடும். அந்த நாள் எது என்று தனியாக ஒரு விசாரணை நடக்கும்.

பிழை விழுந்தால் வெள்ளை மை தடவாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, மேலே சரியானதை எழுதி, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். கடைசியில் "பக்கம் 3, வரி 11-ல் ஒரு திருத்தம்" என்று குறிப்பு சேருங்கள். இப்படிச் சான்றொப்பம் இல்லாத அடித்தல் திருத்தல் இருந்தால் பதிவுச் சட்டம் 20-ஆம் பிரிவின் கீழ் சார்பதிவாளர் ஆவணத்தை ஏற்க மறுக்கலாம்.

சொத்து விவரம் கையெழுத்துக்கு முன்னால் வர வேண்டும். பல ஆவணங்களில் கையெழுத்து முடிந்து, அடுத்த தாளில் தனியாக சர்வே எண்ணும் நான்கெல்லையும் இருக்கிறது. அந்த ஒரு தாளை மாற்றினால் வேறு மனைக்கான ஒப்பந்தமாகிவிடும். தபசிலுக்கு, அதாவது சொத்து விவரத்துக்குப் பிறகுதான் கடைசிக் கையெழுத்து. எல்லாப் பக்கத்திலும் அடியில் கையெழுத்தும் "6 தாளில் 2-ஆவது தாள்" என்பதுபோல் எண்ணும் இருக்கட்டும். கடைசித் தாளில் வெறும் கையெழுத்து மட்டும் நிற்காமல், வாசகத்தின் கடைசி மூன்று நான்கு வரிகளாவது அதில் வரும்படி அச்சடியுங்கள். மிச்ச வெற்றிடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள்.

கடல்தாண்டி எழுதியது:

சின்ன மகன் கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புவது பற்றி. வேண்டவே வேண்டாம். மேலே கரார்நாமா சொன்ன அதே காரணம்: முன்பக்கங்களை அவர் பார்த்தாரா என்பதற்கு எந்த ஆதாரமும் இருக்காது. முழு ஆவணத்தையும் அனுப்பி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கினாலும், பதிவுக்கு அவரோ அவருடைய முகவரோ சார்பதிவாளர் முன் வந்து எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவுச் சட்டம் 32ஏ பிரிவுப்படி போட்டோ, கைரேகை எடுக்க ஆள் வேண்டும். கூரியரால் அது நடக்காது.

பவர் பத்திரம்தான் (தனக்காகச் செயல்பட ஒரு முகவரை நியமிக்கும் ஆவணம்) வழி. பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவுப்படி வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு அவர் சான்றொப்பம் பெற வேண்டும். சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் செய்துகொள்வது நல்லது, இங்கே கேள்வி குறைவு. வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகக் கூடாது, அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

பத்திரத்தில் "சொத்துகளைக் கவனித்துக்கொள்ள" என்ற பொதுவான வாசகம் போதாது. இன்ன சர்வே எண் மனையில் தன் பாகத்தை விற்க, விலை பேச, விற்பனை ஒப்பந்தமும் கிரையப் பத்திரமும் எழுதிக் கையெழுத்திட, முன்பணமும் பாக்கியும் பெற, பதிவுக்குத் தாக்கல் செய்ய என்று ஒவ்வொரு அதிகாரமும் தனித்தனியாக வேண்டும். விற்க அதிகாரம் இருந்து, பணம் பெற அதிகாரம் விட்டுப்போன பவர்கள் உண்டு.

அசல் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவு. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதைச் செய்வார்கள். கூரியர் உறையை, அதன் மேல் உள்ள தேதி முத்திரையோடு பத்திரமாக வையுங்கள். எப்போது வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஒப்பந்தத்தில் முகவர் தன் பெயரை மட்டும் போட்டுவிட்டால் யாருக்காகப் போட்டார் என்று தெரியாது. "இன்னாருக்காக, இன்ன தேதியிட்ட பொது அதிகார ஆவணத்தின்படி அவருடைய முகவர் இன்னார்" என்று எழுதி அதன் கீழ் கையெழுத்து. பெரிய மகனே முகவர் என்றால் அவர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: ஒன்று தனக்காக, ஒன்று தம்பிக்காக. ஒரே கையெழுத்தில் இரண்டையும் முடிக்காதீர்கள். பதிவு நாளில் பவர் கொடுத்தவரின் உயிர்ச் சான்றையும் கேட்பார்கள், அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

செம்மண்காடு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வக்கீல் சார் கேட்டதற்கு: ஒரு மகள் இருக்கிறார், கல்யாணமாகித் திருச்சியில் இருக்கிறார். எனக்குப் பங்கு வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டாராம். அவரைச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வைக்கலாம், அதனால் அவருக்கும் சம்மதம் என்று ஆகிவிடும் என்கிறார் தரகர்.

தெற்குவாசல்_வக்கீல் எழுதியது:

இதற்குத்தான் கேட்டேன். சாட்சிக் கையெழுத்து என்பது "இவர் என் முன்னால் கையெழுத்துப் போட்டார்" என்பதற்கு மட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதனால் சாட்சியாகப் போட்டது சம்மதம் ஆகாது. நாளைக்கு அவரே வந்து "நான் அம்மா ரேகை வைத்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்றால் உங்களிடம் பதில் இருக்காது.

பெரியவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் மனைவி, இரண்டு மகன், மகள் நான்கு பேருக்கும் சம பங்கு. கல்யாணமானதால் பங்கு போகாது. வேண்டாம் என்று வாயால் சொன்னதாலும் போகாது. இரண்டே வழி. அவரும் எழுதிக் கொடுப்பவர்களில் ஒருவராக, ஒப்பந்தத்திலும் பிறகு கிரையத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் தன் பாகத்தை மற்றவர்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். முதல் வழி உங்களுக்குச் சுலபம், ஒரே ஆவணத்தில் முடியும். வாரிசுச் சான்றிதழின் அசலை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். இறந்துபோன பிள்ளை யாராவது இருந்தால் அவருடைய வாரிசுகளும் வருவார்கள். அதில் 18 வயது நிரம்பாதவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

நான்கு பேரும் ஒரே நாளில் கூட முடியாவிட்டால் அவரவர் கையெழுத்துக்குக் கீழே அவரவர் போட்ட தேதியையும் இடத்தையும் தங்கள் கைப்பட எழுதட்டும். அம்மாவுக்கு எழுதுபவர் எழுதலாம். வெவ்வேறு நாளில் கையெழுத்தான ஆவணத்துக்குப் பதிவுச் சட்டம் 24-ஆம் பிரிவில் ஒவ்வொருவர் கையெழுத்துத் தேதியிலிருந்தும் 4 மாதம் உண்டு. ஆனால் சிங்கப்பூர் பவர் கைக்கு வந்த பிறகு, மகளையும் வரவழைத்து, ஒரே நாளில் எழுதி அன்றே பதிவு செய்வதுதான் உங்கள் விஷயத்தில் நல்லது. அதுவரை மேற்கொண்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் நாளிலும் வங்கி வழியாகவே கொடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரும். இதை அந்தப் பெரிய மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.